எண் தெரிந்தால் போதுமா? வெப்பநிலை சென்சாரை நாமே சோதிப்போம்



மட்கு உரக் குவியல் சூடேறியிருக்கிறதா என்று பார்க்க நம்ம பெரியவங்க ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைப்பாங்க. கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பாங்க. கை தாங்கவில்லை என்றால் குவியல் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆரணியில் பட்டு நூலை வேகவைத்துச் சாயம் போடுகிறவர்களும் அப்படித்தான். பாத்திரத்தின் அடியிலிருந்து எழும்பும் குமிழின் அளவையும் ஆவியையும் பார்த்தே தீயைக் குறைப்பார்கள். நூலின் மேல் இருக்கும் கோந்து கரைய வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் கொதிநிலைக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். தளதளவென்று கொதித்துவிட்டால் இழை சிக்கிப் பிசிறு தட்டும். இந்த நுட்பத்தைக் கண்ணும் கையும் பல வருஷம் பழகித்தான் கற்றுக்கொள்கின்றன.

இப்போது கம்பி வைத்த சின்னச் சென்சார் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. விலையும் சில நூறு ரூபாய்க்குள்தான். ஆரணி வட்டாரத்தில் நெல்லோடு கொஞ்சம் மல்பெரியும் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்கள் வீட்டில் இரண்டு மூன்று கிடக்கும். புழு மனையில் ஒன்று, குஞ்சு பொரிக்கும் பெட்டியில் ஒன்று, உரக் குவியலில் ஒன்று. நல்லதுதான். ஆனால் கையால் தொட்டுப் பார்க்கிறவர் "சுமாரா இவ்வளவு இருக்கும்" என்று சொல்வார். சென்சார் அப்படிச் சொல்லாது. "37.4" என்று அடித்துச் சொல்லும். புள்ளிக்குப் பிறகும் ஒரு எண் இருப்பதால் நாமும் நம்பிவிடுகிறோம். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம், நம்ம அடுப்படியில் இருக்கிற பொருளை வைத்தே அதை எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

ஒரு டிகிரியில் என்ன வந்துவிடும்?

எல்லா வேலைக்கும் ஒரே அளவு துல்லியம் தேவையில்லை. நம்ம வேலைகளையே வரிசையாகப் பார்ப்போம்.

மட்கு உரம்: களை விதையும் நோய்க்கிருமியும் சாக வேண்டுமென்றால் குவியலின் உள்சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டி, தொடர்ந்து சில நாள் நிற்க வேண்டும். அமெரிக்க அங்கக விதிமுறையில், கிளறிவிடும் நீள் குவியலுக்கு 15 நாள் அந்தச் சூடு இருக்க வேண்டும், அதற்குள் 5 முறையாவது புரட்ட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 70 டிகிரியை நெருங்கினால் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் சாக ஆரம்பிக்கும். 55-க்கும் 65-க்கும் நடுவில் தாராளமாக இடம் இருப்பதால், இந்த வேலைக்குச் சென்சார் 2 டிகிரி தவறினாலும் பெரிய மோசமில்லை.

பட்டுப்புழு: முதல் பருவ இளம்புழுவுக்கு 28 டிகிரி, அடுத்தடுத்த பருவத்துக்கு ஒவ்வொரு டிகிரியாகக் குறைத்து ஐந்தாம் பருவத்துக்கு 24 டிகிரி என்பது பொதுவான கணக்கு. ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே ஒரு டிகிரிதான். 2 டிகிரி தவறும் சென்சாரை மனையில் மாட்டினால், நாம் எந்தப் பருவத்துக்கான சூட்டைக் கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

கோழிக்குஞ்சு: காற்றாடி வைத்த இன்குபேட்டரில் 37.5 டிகிரியை ஒட்டியே வைக்க வேண்டும். தொடர்ந்து ஒரு டிகிரி மாறி ஓடினாலே பொரிப்பு குறையும், குஞ்சு முன்பின்னாக வரும். 21 நாள் கழித்துத்தான் விஷயமே தெரியும். இங்கே கால் டிகிரி, அதிகம் போனால் அரை டிகிரிக்குள் சரியாக இருக்க வேண்டும்.

வெந்நீர் விதைநேர்த்தி: ரசாயன மருந்தில் விதைநேர்த்தி செய்கிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. நமக்கு வெந்நீரே மருந்து. முட்டைக்கோஸ் விதையில் ஒட்டிவரும் கருப்பு அழுகல் நோய்க்கு 50 டிகிரி தண்ணீரில் 30 நிமிஷம் வைக்கச் சொல்கிறார்கள். கரும்புக் கரணையில் வரும் மறுதாம்புக் கட்டை நோய்க்கு அதே 50 டிகிரியில் 2 மணி நேரம். சூடு நாலைந்து டிகிரி கூடினால் முளைப்புத்திறன் கெட்டுவிடும். அதே அளவு குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். கிருமி சாகும் சூட்டுக்கும் விதை சாகும் சூட்டுக்கும் நடுவில் சந்து ரொம்பக் குறுகல். பாரம்பரிய விதையைக் கைப்பிடி அளவுதான் வைத்திருக்கிறோம் என்றால் போனது போனதுதான், திரும்ப வாங்கக் கடை கிடையாது.

ஆக, சென்சார் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் வேலை எவ்வளவு பிழையைத் தாங்கும்?" என்பதுதான்.

அரசின் சென்சாரே தவறியபோது

"கடையில் வாங்கிய மலிவுச் சென்சார்தான் தவறும், பெரிய கருவி தவறாது" என்று நினைக்கிறவர்கள் 2024-ஆம் வருஷம் டெல்லியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வருஷம் மே 29-ஆம் தேதி, டெல்லி ஓரத்தில் உள்ள முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே மாதம் பதிவான 51 டிகிரிதான் அதுவரை இந்தியாவின் உச்சம். அதைத் தாண்டிவிட்டது என்று நாடு முழுக்கச் செய்தி பரவியது.

வானிலை ஆய்வு மையம் அன்றைக்கே ஒரு விஷயத்தைக் கவனித்தது. டெல்லியின் மற்ற இடங்களில் அதே நாளில் 45.2 முதல் 49.1 வரைதான் பதிவாகியிருந்தது. ஒரே ஒரு நிலையம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஆட்களை அனுப்பி அந்தச் சென்சாரைத் தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முங்கேஷ்பூர் சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று தெரியவந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. கெட்டுப்போன சென்சார் "நான் கெட்டுவிட்டேன்" என்று சொல்வதில்லை, அதே தெளிவோடு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க, தெரிந்த ஒன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் இப்படிப்பட்ட நிலையங்களின் கணக்கை வைத்துத்தான் இழப்பீடு முடிவாகிறது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். சென்சாரின் துல்லியம் நம்ம சட்டைப்பை வரைக்கும் வருகிற விஷயம்.

நுணுக்கம் வேறு, துல்லியம் வேறு

ஜவுளிக் கடையில் பல வருஷம் இழுத்து இழுத்து நீண்டுபோன ஒரு டேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மில்லிமீட்டர் கோடு வரை அச்சாகியிருக்கிறது. அதை வைத்து ஒரே பட்டுச் சேலையைப் பத்து முறை அளந்தாலும் ஒரே எண்தான் வரும். ஆனால் டேப்பே நீண்டுவிட்டதால் பத்து முறையும் தவறான எண்தான் வரும்.

இதில் மூன்று விஷயம் கலந்திருக்கிறது. மில்லிமீட்டர் வரை கோடு இருப்பது நுணுக்கம். ஒவ்வொரு முறையும் ஒரே எண் வருவது நிலைத்தன்மை. உண்மையான நீளத்தைச் சொல்வதுதான் துல்லியம். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாமல் போகலாம்.

சென்சாரிலும் இதே கதைதான். டி.எஸ்.18பி20 என்று ஒரு சென்சார், எஃகுக் குப்பிக்குள் வைத்துக் கருப்பு வயரோடு விற்பார்கள். இதன் படி 0.0625 டிகிரி. அதாவது அவ்வளவு சின்ன மாற்றத்தைக்கூட எண்ணில் காட்டும். ஆனால் தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாதம், மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதுதான். திரையில் 31.4375 என்று வந்தால், 31-க்கும் 32-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வரும் எண்கள் அலங்காரம்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. நீண்டுபோன டேப்பில் எவ்வளவு நீளம் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், கழித்துக் கணக்குப் போட்டுச் சரியாக அளந்துவிடலாம். நிலைத்தன்மை உள்ள சென்சாரும் அப்படித்தான். அதன் பிழையை ஒருமுறை கண்டுபிடித்தால் மலிவுச் சென்சாரை வைத்தே நல்ல வேலை செய்யலாம்.

கடையில் கிடைப்பது என்னென்ன?

தெர்மிஸ்டர்: சின்னத் திரையும் ஒரு மீட்டர் வயரும் உள்ள மீட்டர், இன்குபேட்டர் கட்டுப்பாட்டுப் பலகை இரண்டிலும் பெரும்பாலும் இருப்பது இதுதான். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். 25 டிகிரியில் 10,000 ஓம் இருக்கும் வகை அதிகம் புழங்குகிறது. சூட்டுக்குத் தக்கபடி தடை எப்படி மாறும் என்பது வகைக்கு வகை வேறுபடும். எலி வயரைக் கடித்துவிட்டது என்று வேறு முனையை வாங்கி ஒட்டினால், 25 டிகிரியில் சரியாகக் காட்டிவிட்டுச் சூடு ஏறஏற விலகிக்கொண்டே போகலாம்.

டி.எஸ்.18பி20: மேலே சொன்னது. அசல் என்றால் நல்ல பொருள். இதே பெயரில் போலிகளும் சந்தையில் நிறைய உண்டு. போலி என்றால் அரை டிகிரி உத்தரவாதமும் கிடையாது.

டி.எச்.டி.11, டி.எச்.டி.22: வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்துக் காட்டுபவை. நீல நிற 11 வகை 2 டிகிரி வரை தவறலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். புழு மனைக்கு அது போதாது. வெள்ளை நிற 22 வகைக்கு அரை டிகிரி.

பி.டி.100: பிளாட்டினக் கம்பி. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். ஆலைகளில், சாயப் பாத்திரங்களில் இருக்கும். நல்ல துல்லியம். ஆனால் ஒரு டிகிரிக்கு 0.4 ஓம்கூட மாறுவதில்லை என்பதால், இரண்டு வயரில் நீளமாக இழுத்தால் வயரின் தடையே ஒன்றிரண்டு டிகிரியைக் கூட்டிக் காட்டிவிடும். அதற்காகத்தான் மூன்று வயர் வைத்து வருகிறது.

தெர்மோகப்பிள்: இரண்டு உலோகக் கம்பியை முனையில் இணைத்தது. உலை, பாய்லர் மாதிரி பெரும் சூட்டுக்கு ஏற்றது. சாதாரண 'கே' வகைக்கு 2 டிகிரிக்கு மேல் தவற அனுமதி உண்டு. முட்டைக்கும் புழுவுக்கும் இது வேண்டாம்.

அகச்சிவப்புத் துப்பாக்கி: தொடாமல் அளப்பது. மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். உரக் குவியலின் தோல் சூட்டைச் சொல்லுமே தவிர உள்சூட்டைச் சொல்லாது. பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் காட்டினால் உண்மையைவிட ரொம்பக் குறைவாகக் காட்டும்.

செல்போனில் வரும் வெப்பநிலையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். போன் நம்ம நிலத்தை அளக்கவில்லை. எங்கேயோ போட்ட வானிலைக் கணக்கை வாங்கிக் காட்டுகிறது.

முதல் சோதனை: பனிக்கட்டி

சுவீடன் நாட்டு வானியலாளர் செல்சியஸ் 1742-இல் தன் அளவுகோலை அமைத்தபோது இரண்டு புள்ளிகளைத்தான் பிடித்துக்கொண்டார். ஒன்று பனி உருகும் சூடு, இன்னொன்று தண்ணீர் கொதிக்கும் சூடு. வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்று தலைகீழாக வைத்திருந்தார். பிறகுதான் திருப்பினார்கள். அந்த இரண்டு புள்ளியும் இன்றைக்கும் நம்ம வீட்டிலேயே இருக்கின்றன.

செய்முறை இதுதான்.

1. வடிகட்டிய நல்ல தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு எடுங்கள். மீன் கடை ஐஸ் வேண்டாம். உப்பு கலந்தால் உருகும் சூடு 0-க்குக் கீழே போய்விடும்.

2. ஐஸைத் துணியில் சுற்றிப் பொடியாக உடைத்து, பிளாஸ்க் அல்லது பெரிய டம்ளர் நிறையப் போடுங்கள். இடுக்கை நிரப்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் மிதக்கக் கூடாது. அடிவரைக்கும் ஐஸ் இருக்க வேண்டும். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக கனமாக இருக்கும். ஐஸ் மேலே மிதந்தால் 0 டிகிரித் தண்ணீர் மேலேயும் 4 டிகிரித் தண்ணீர் அடியிலும் தங்கிவிடும். சென்சார் முனை அடியில் கிடந்தால் "4 காட்டுகிறதே, கெட்டுவிட்டது" என்று நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

3. முனையை நடுவில் வையுங்கள். பாத்திரத்தின் சுவரிலும் அடியிலும் படக் கூடாது. மெதுவாகக் கலக்கிவிட்டு 5 நிமிஷம் காத்திருங்கள்.

4. எண் நிலைத்து நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் 0 டிகிரியில் உங்கள் சென்சாரின் பிழை.

திரை உள்ள மீட்டரைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், வயர் முனையை மட்டும்தான். டி.எச்.டி. வகைக்குத் தண்ணீரே ஆகாது. அதற்கு வேறு வழி கீழே சொல்கிறேன்.

இரண்டாவது சோதனை: கொதிநீர்

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது கடல் மட்டத்தில். மேலே ஏறஏறக் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் குறையும். 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆரணி சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 99.5. நம்ம மேற்கே ஜவ்வாது மலையில் 700 மீட்டர் உயரத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்கு 97.7 போல. ஊட்டியில் 92, 93-தான். இது தெரியாமல் மலையில் இருப்பவர் சோதித்தால், சரியான சென்சாரைத் தவறு என்று சொல்லிவிடுவார்.

தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது முனை இரண்டு மூன்று அங்குலம் மூழ்கி இருக்கட்டும். அடியில் பட வேண்டாம். வயர் தீயின் பக்கமோ பாத்திர விளிம்பிலோ படாமல் ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆவியில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மீட்டர் 100 டிகிரி வரை தாங்குமா என்று பெட்டியில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எக்காரணம் கொண்டும் கொதிநீரில் வைக்காதீர்கள், உடைந்துவிடும்.

கணக்குப் போடுவது

உதாரணத்துக்கு ஒரு சென்சார் ஐஸில் 0.8 காட்டியது, ஆரணியில் கொதிநீரில் 101.1 காட்டியது என்று வைப்போம். ஐஸில் பிழை 0.8 கூடுதல். கொதிநீரில் இருக்க வேண்டியது 99.5, அதனால் பிழை 1.6 கூடுதல். 50 டிகிரி ஏறத்தாழ இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அங்கே பிழை நடுவாக 1.2 இருக்கும். ஆகவே விதைநேர்த்திக்கு 50 டிகிரி வேண்டுமென்றால், இந்தச் சென்சார் 51.2 காட்டும்படி தண்ணீரை வைக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதியும் போட்டு, செல்லோ டேப் வைத்து மீட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யார் எடுத்துப் பயன்படுத்தினாலும் தெரிய வேண்டும்.

மூன்றாவது சோதனை: வேலை நடக்கும் சூட்டில்

தெர்மிஸ்டர் வகைக்கு இரண்டு முனையிலும் சரியாக இருந்து நடுவில் விலகும் குணம் உண்டு. அதனால் நமக்கு வேண்டிய சூட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்குபேட்டர் வைத்திருப்பவருக்கு இது ரொம்பச் சுலபம். டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர் மனித உடம்புச் சூட்டுக்கென்றே செய்தது. பொதுவாக 0.1 டிகிரிக்குள் சரியாக இருக்கும். ஒரு பாத்திரத்தில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இரண்டு முனையையும் ரப்பர் பேண்ட் போட்டு ஒன்றாகக் கட்டி, கலக்கிக்கொண்டே பாருங்கள். 37.5-ஐ ஒட்டி என்ன வித்தியாசம் என்று தெரிந்துவிடும். 42 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் மட்டும் அதை வைக்க வேண்டாம்.

விதைநேர்த்திக்கு, பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் 110 டிகிரி கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதையும் முதலில் ஐஸில் வைத்துச் சோதியுங்கள். பிறகு பெரிய வாளியில் 50 டிகிரித் தண்ணீர் வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பெரிய வாளி என்று சொல்வதற்குக் காரணம், தண்ணீர் அதிகமாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்காது. விதைநேர்த்தியையும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

தண்ணீரில் வைக்க முடியாத டி.எச்.டி. போன்றவற்றைச் சோதிக்க, ஏற்கெனவே சோதித்த வயர் முனையோடு சேர்த்து ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் படியுங்கள்.

சந்தைக்கு விற்பதற்கு அல்லது சான்றிதழுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள், தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து அளவுத் திருத்தச் சான்று வாங்கலாம். ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு நல்ல தெர்மாமீட்டருக்கு மட்டும் சான்று வாங்கி வைத்துக்கொண்டால், மற்ற எல்லோருடைய சென்சாரையும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். படிக்கல் ஒன்று சரியாக இருந்தால் ஊர்த் தராசையெல்லாம் சரிபார்த்துவிடலாம் இல்லையா, அது மாதிரி.

சென்சார் சரி, வைத்த இடம் சரியா?

சென்சாரின் சொந்தப் பிழை அரை டிகிரி என்றால், தப்பான இடத்தில் வைத்தால் வரும் பிழை ஐந்து பத்து டிகிரிகூடப் போகும். சென்சார் காட்டுவது தன் சொந்தச் சூட்டைத்தான். பயிரின் சூடோ புழுவின் சூடோ அதுவாக இருக்கும்படி வைப்பது நம்ம பொறுப்பு.

வெளியில்: வெயில் நேராகப் பட்டால் அது காற்றின் சூட்டை அளக்காது, வெயிலில் காயும் பிளாஸ்டிக்கின் சூட்டை அளக்கும். வானிலை நிலையங்களில் சன்னல் பலகை வைத்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. காற்று உள்ளே புகுந்து போகும், வெயிலும் மழையும் புகாது. நாமும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஐந்தாறை இடைவெளி விட்டுக் கவிழ்த்து அடுக்கி, நடுவில் ஓட்டை போட்டுச் சென்சாரைத் தொங்கவிடலாம். தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும்.

புழு மனையில்: கூரை ஷீட்டுக்கு அருகில் இருக்கும் சூடும் கீழ்த் தட்டில் இருக்கும் சூடும் ஒன்றல்ல. சுவரில் ஆணி இருக்கிறது என்பதற்காக அங்கே மாட்டினால் சுவரின் சூடுதான் வரும். நடுத் தட்டின் உயரத்தில், சுவரைவிட்டுத் தள்ளி, ஹீட்டர் நேராக அடிக்காத இடத்தில் தொங்கவிடுங்கள். இரண்டு சென்சார் இருந்தால் ஒன்று மேல் தட்டு, ஒன்று கீழ்த் தட்டு.

இன்குபேட்டரில்: முட்டையின் மேல்பாகம் இருக்கும் உயரத்தில். பல்பின் ஒளி நேராகப் படக் கூடாது.

உரக் குவியலில்: ஒன்றரை அடி ஆழத்தில், குறைந்தது மூன்று நாலு இடத்தில். குவியலின் ஓரமும் நடுவும் பத்து இருபது டிகிரி வித்தியாசப்படலாம். ஓரத்தில் சூடு வராததால்தான் புரட்டிவிடச் சொல்கிறோம். மண்புழுத் தொட்டியில் விடும் முன் பாதி மக்கிய சாணத்தையும் இப்படியே நடுவில் பாருங்கள். 35 டிகிரிக்கு மேல் இருந்தால் புழுவை விட வேண்டாம்.

வைஃபை பலகையோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். அந்தப் பலகையே சூடாகும். சென்சாரையும் அதே பெட்டிக்குள் வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி கூடத்தான் காட்டும். வயர் இழுத்து வெளியே தொங்கவிடுங்கள்.

அவசரமும் கூடாது. தண்ணீரில் ஒரு நிமிஷத்தில் சரியான எண் வரும் எஃகு முனைக்கு, அசையாத காற்றில் பத்து நிமிஷம்கூட ஆகலாம். உள்ளே நுழைந்ததும் படித்துவிட்டு வெளியே வந்தால் அது வெளிச் சூட்டின் மிச்சம்.

ஈரப்பதத்துக்கு உப்பு

புழு மனைக்குச் சூடு மாதிரியே ஈரப்பதமும் முக்கியம். இளம்புழுவுக்கு 85 சதவீதத்தை ஒட்டி, கடைசிப் பருவத்தில் 65 முதல் 70. ஈரப்பதச் சென்சாரைச் சோதிக்க அடுப்படி உப்பு போதும். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவுக்குள் அந்த மூடியையும் மீட்டரையும் ஒன்றோடொன்று படாமல் வைத்து ஒரு இரவு மூடிவையுங்கள். காலையில் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும். மீட்டர் 68 காட்டினால் 7 குறைவாகக் காட்டுகிறது என்று பொருள். அதையும் சீட்டில் எழுதுங்கள்.

கெட்டுப்போனதைக் காட்டும் அறிகுறிகள்

டி.எஸ்.18பி20 வைத்திருப்பவர்கள் இரண்டு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். சரியாக 85 என்று காட்டினால் சென்சார் அளக்கவே இல்லை, மின்சாரம் வந்ததும் அது வைத்துக்கொள்ளும் தொடக்க எண் அது. "குவியல் 85 டிகிரிக்குப் போய்விட்டது" என்று தண்ணீர் ஊற்றி அணைத்துவிடாதீர்கள். மைனஸ் 127 என்று வந்தால் வயர் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

எண் காரணமில்லாமல் துள்ளினால் வயரின் இணைப்பைப் பாருங்கள். மட்கு உரத்தில் நாள்கணக்கில் கிடக்கும் முனைக்குள் ஈரம் இறங்கிவிடும். பிறகு அது மெல்லமெல்ல விலகும். எஃகுக் குப்பியும் வயரும் சேரும் இடத்தில் சிலிக்கான் பசை தடவி வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். திரை எழுத்து மங்கினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

மூன்று சென்சாரை ஒன்றாக வைத்து இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் விலகினால், விலகியதைச் சந்தேகப்படுங்கள். மூன்றும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதென்றால், மூன்றும் சேர்ந்தே தவறலாம் என்பதால் ஐஸ் சோதனையை விட வேண்டாம்.

எப்போது செய்யலாம்?

ஆடிப் பட்டத்துக்கு முன் ஒருமுறை, தைப் பட்டத்துக்கு முன் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் ஒவ்வொரு முறை முட்டை அடுக்கும் முன்பும் காய்ச்சல் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுவிடுங்கள். புழு வளர்ப்பவர்கள் அடுத்த முட்டைத் தொகுதி வருவதற்கு முன், மனையைச் சுத்தம் செய்யும் நாளிலேயே செய்துவிடலாம். வெந்நீர் விதைநேர்த்தியை முதல்முறை செய்பவர்கள், சோதித்த சென்சார் கையில் இருந்தாலும், முதலில் நூறு விதையை மட்டும் போட்டெடுத்து ஈரத் துணியில் முளைக்க வைத்துப் பாருங்கள். முளைப்பு குறையவில்லை என்று தெரிந்த பிறகு மீதி விதையைத் தண்ணீரில் இறக்குங்கள்.

மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு சென்சாரைக் கையோடு கொண்டுவாருங்கள். ஒரு பிளாஸ்க் ஐஸ் இருந்தால் அரை மணி நேரத்தில் பத்துப் பேருடையதைச் சோதித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் சீட்டு ஒட்டிவிடலாம்.